பூட்டு விழவில்லை என்றால் அதை மேடையில் சொல்லாதீர்கள், வாசலில் சொல்லுங்கள்: குமரி மாவட்ட ராட்டினக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
கன்னியாகுமரி மாவட்டத்தில் கேளிக்கைப் பூங்கா, நீர்விளையாட்டுப் பூங்கா நடத்துவோர்,
திருவிழா, பொருட்காட்சித் திடல்களில் ராட்டினம் போடுவோர்,
அவற்றுக்கு அனுமதி தரும் மாவட்ட அதிகாரிகள்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். ராட்டினங்களை ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் எங்கள் தொழில். பெரிய உடம்புள்ளவர்கள் ரோலர் கோஸ்டரிலும், கப்பல் போல ஊசலாடும் கொலம்பஸிலும் ஏறி உட்கார்ந்தபின் நடப்பதைப் பற்றித்தான் இந்த மடல். ஆளை இருக்கையோடு பிடித்து வைக்கும் பூட்டுக் கம்பி முழுதாக இறங்காது. இரண்டு ஊழியர்கள் சேர்ந்து அழுத்துவார்கள். "அண்ணாச்சி, மூச்ச உள்ள இழுத்துக்கிடுங்க" என்பார்கள். வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். கடைசியில் அவரை இறக்கிவிடுவார்கள். அல்லது எப்படியோ ஒரு 'கிளிக்' கேட்டதும் வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். இறக்கிவிட்டால் மனிதருக்கு அவமானம். கிளப்பிவிட்டால் உயிருக்கு ஆபத்து. டிக்கெட் கொடுக்கும் முன்பே தீர்க்கக்கூடிய காரியத்தை மேடை வரை இழுத்துவருவதுதான் இதற்கெல்லாம் காரணம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விட வேண்டும். ரோலர் கோஸ்டர் இருக்கையில் பெரும்பாலும் தடையாவது எடை அல்ல, உடம்பின் அமைப்பு. 110 கிலோ எடையுள்ள ஒருவருக்கு எளிதாகப் பூட்டு விழும். 95 கிலோ உள்ள இன்னொருவருக்கு விழாது. மடியில் இறங்கும் கம்பிக்குத் தொடையின் பருமனும் வயிறும் கணக்கு. தோளுக்கு மேலிருந்து இறங்கும் பூட்டுக்கு மார்பளவும் தோள் அகலமும் கணக்கு. அதனால்தான் வயிறே இல்லாத பயில்வான்களும் மார்பு பெரிதாக உள்ள பெண்களும் அதில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆகவே "100 கிலோவுக்கு மேல் அனுமதி இல்லை" என்று மட்டும் பலகை வைப்பது, ஏறக்கூடிய பலரை விரட்டும். ஏறக்கூடாத சிலரை உள்ளே விடும்.

மடிக்கம்பி உட்கார வேண்டிய இடம் தொடை இடுப்போடு சேரும் மடிப்பு. அங்கே அடியில் எலும்பு இருக்கிறது, கம்பி நகராது. வயிற்றின் மேல் உட்கார்ந்தால் கதை வேறு. மேட்டைத் தாண்டி வண்டி சரியும்போது உடம்பு இருக்கையை விட்டு மேலே எழும்பும். வயிற்றுச் சதை அமுங்கும். அமுங்கிய அளவுக்கு இடைவெளி பிறக்கும். மூச்சை இழுத்துப் பூட்டியவருக்கும் இதே கதிதான். 2013 ஜூலையில் அமெரிக்காவின் டெக்சாஸில் நியூ டெக்சாஸ் ஜயன்ட் கோஸ்டரிலிருந்து ஒரு பெண் விழுந்து இறந்தார். கம்பியின் மெத்தைகளை மாற்றி, பெல்ட் சேர்த்து, ஏறும் முன் உட்கார்ந்து பார்க்கச் சோதனை இருக்கையும் வைத்த பிறகே அந்த வண்டி மறுபடி ஓடியது.

பூட்டில் இரண்டு வகை உண்டு. ராட்செட் வகையில் பல் சக்கரமும், பல்லில் விழுந்து பிடிக்கும் நாக்கும் இருக்கும்; ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு 'கிளிக்'. எத்தனையாவது பல் வரை இறங்கினால் போதும் என்பதைத் தயாரிப்பாளர் கையேடு சொல்லும். முதல் 'கிளிக்' கேட்டது என்பதற்காக வண்டியை விடக் கூடாது. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் வகையில் பல் கிடையாது, கம்பி எந்த இடத்திலும் நிற்கும். அங்கே "இவ்வளவு இறங்கினால் போதும்" என்று தீர்மானிப்பது சென்சார்தான். அந்தச் சென்சாரைத் திருகி நகர்த்திவிட்டால் எந்த உடம்புக்கும் பச்சை விளக்கு எரியும். 2022 மார்ச்சில் ஆர்லாண்டோவில் 131 மீட்டர் உயரக் கோபுர ராட்டினத்தில் நடந்தது அதுவே. பெரிய உடம்புக்காரர்களும் ஏறட்டும் என்று இரண்டு இருக்கைகளின் சென்சாரைக் கையால் மாற்றி வைத்திருந்தார்கள். கையேட்டில் உச்சவரம்பு 130 கிலோ. அதைவிட நன்றாகவே அதிக எடையுள்ள 14 வயதுச் சிறுவனுக்கு வண்டி பச்சை காட்டியது. இறங்கி வரும்போது பிரேக் பிடித்த வேகத்தில் அவன் இருக்கையிலிருந்து நழுவி விழுந்தான். இந்த மடலில் எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: இடம் கொடுப்பது வேறு, பூட்டைத் தளர்த்துவது வேறு.

பெல்ட்டும் அப்படித்தான். கோஸ்டர் பெல்ட் பல வண்டிகளில் ஓர் அளவுகோலும்கூட. அதன் நீளத்தைத் தயாரிப்பாளர் கணக்குப் போட்டு நிறுத்தியிருக்கிறார். பெல்ட் எட்டினால் கம்பி போதுமான அளவு இறங்கியிருக்கிறது என்று பொருள். கார் பெல்ட்டுக்குப் போடும் நீட்டிப்புத் துண்டை இதில் மாட்டினால், அளவுகோலை அறுத்துப் போட்டதற்குச் சமம்.

அப்படியானால் பெரிய உடம்புக்காரர் ஏறவே முடியாதா? முடியும். சுவிட்சர்லாந்தின் பி அண்ட் எம் நிறுவனம் செய்த கோஸ்டர்கள் சிலவற்றில், குறிப்பிட்ட வரிசைகளில் மட்டும் பெல்ட் மாட்ட இரட்டை பக்கிள் (கொக்கி) கொண்ட தனி இருக்கைகள் உண்டு. ஆர்லாண்டோ யுனிவர்சல் பூங்காவில் ஏறும் முன் உட்கார்ந்து பார்க்கச் சோதனை இருக்கை வைத்திருக்கிறார்கள்; அங்கே சரிவராதவரை ஊழியர் மாற்று இருக்கை உள்ள வரிசைக்கு அனுப்புவார். பூட்டின் பலம் குறையாமல் இடம் மட்டும் கூடுகிறது. இப்படிப்பட்ட இருக்கை உங்கள் மாடலுக்கு உண்டா என்று தயாரிப்பாளருக்கு எழுதிக் கேளுங்கள். எழுத்தில் பதில் வராதவரை பட்டறையில் வெல்டிங் வைத்து இருக்கையை அகலப்படுத்த வேண்டாம்.

சோதனை இருக்கையிலும் ஏமாற்று நடக்கும். பழைய ஃபைபர் இருக்கை ஒன்றைப் பெல்ட் இல்லாமல், பூட்டு வேலை செய்யாமல், படம் எடுத்துக்கொள்ளும் பொம்மை போல வைத்தால் பயனில்லை. ஓடும் வண்டியில் உள்ள அதே இருக்கை, அதே சாய்வு, அதே நீளப் பெல்ட், எந்தப் பல் வரை இறங்க வேண்டும் என்ற மஞ்சள் கோடு, இத்தனையும் வேண்டும். டிக்கெட் கவுண்டருக்கு முன்னால், ஆனால் கூட்டம் கூடும் நடுவில் அல்லாமல், ஒரு தட்டியின் மறைவில், நிழலில் வையுங்கள். சித்திரை வெயிலில் காய்ந்த இருக்கையில் யாரும் உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள்.

உட்காரும் முறையையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். இடுப்பு பின்சாய்வில் முட்டும்வரை தள்ளி உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தியபின் கம்பியை இறக்க வேண்டும். பாக்கெட்டில் போன், பர்ஸ், பைக் சாவி இருக்கக் கூடாது. இடுப்பில் சுருட்டிய வேட்டியும் சேலைக் கொசுவமும் கம்பி விழும் இடத்திலேயே தடித்துக் கிடக்கும். அந்த இரண்டு விரற்கடை பல நேரம் முடிவை மாற்றிவிடும். பெல்ட்டை முதலில் போட வேண்டுமா கம்பியை முதலில் இறக்க வேண்டுமா என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பாருங்கள். சோதிக்கும் ஊழியர் கம்பியை மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். கீழே அழுத்திப் பார்ப்பது சோதனை ஆகாது.

இனி நம்மூர் விஷயம். மண்டைக்காட்டு மாசிக்கொடை முதல் கோட்டாறு சவேரியார் திருவிழா வரை ஆண்டு முழுக்க இங்கே திருவிழாதான், கூடவே ராட்டினமும். கொலம்பஸ் ஆடும்போது இரண்டு ஓரத்து வரிசைகளில்தான் உடம்பு அதிகம் எழும்பும். ஒரு வரிசைக்கு ஒரே கம்பி இருந்தால், அது அந்த வரிசையில் பெரிய மடி எதுவோ அதில் முட்டி நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் ஒல்லிப் பிள்ளைக்கு ஒரு சாண் இடைவெளி. அப்பாவையும் மகளையும் ஒரே கம்பிக்குள் வைப்பது பாசமாகத் தெரியும், ஆனால் கூடாது. பெரிய உடம்புக்காரர்களை அதே அளவு உடம்புள்ளவர்களோடு நடு வரிசையில் வையுங்கள்.

ராட்சத ராட்டினத்தில் மடிக்கம்பிப் பிரச்சினை குறைவு, எடைக் கணக்குதான். வடிவமைப்பில் பெரியவர் ஒருவருக்குச் சுமார் 75 கிலோ என்று கொள்வது வழக்கம். நாலு பேர் பெட்டி என்றால் 300 கிலோ. 120 கிலோ உள்ள இருவர் சேர்ந்தால் 240, தாராளமாக ஏறலாம். அதே எடையில் மூவர் என்றால் 360, கூடாது. பெட்டியில் அடித்திருக்கும் தகட்டில் வேறு எண் இருந்தால் அதுவே கணக்கு. எதிர்ப் பக்கத்துப் பெட்டிகளிலும் ஆள் நிரப்புங்கள். ஒரு பக்கம் கனத்தால் ஆள் ஏற்றும்போது சக்கரம் தானாக உருளும். "குண்டா இருக்கீங்க, ஏறாதீங்க" என்று இங்கே ஒருவரைத் திருப்பி அனுப்ப அநேகமாக எந்தக் காரணமும் இல்லை.

நீர்ச்சறுக்கில் மிதவையின் மொத்த எடைக்கு வரம்பு உண்டு. எடை பார்க்கும் மேடையைப் படிக்கட்டின் அடியில் வையுங்கள். நாலு மாடி ஏறியவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். எடை எண் ஊருக்கே தெரிய வேண்டாம், பச்சை, சிவப்பு விளக்கு போதும்.

உப்புக்காற்றையும் மறக்கக் கூடாது. கடலோரத்தில் நிற்கும் வண்டிகளில் ராட்செட் நாக்கின் ஸ்பிரிங் துருவேறி மந்தமாகும். பெரிய உடம்புக்கு நாக்கு விழுவது மேல் பற்களில். ஊழியர்கள் காலையில் சோதிப்பதோ கம்பியை முழுதாக இறக்கி, கடைசிப் பல்லில். ஒவ்வொரு பல்லிலும் நிறுத்தி, மேலே இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பேச்சு பற்றி ஒன்று. "நீங்க பெருசா இருக்கீங்க" என்பதற்குப் பதில் "இந்த வண்டியில உங்களுக்குப் பூட்டு சரியா விழல, அடுத்த வரிசைல அகலமான சீட் இருக்கு" என்று சொல்லப் பழக்குங்கள். அப்படி ஒரு சீட் இல்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். சேவையின் தன்மையை முன்கூட்டியே அறிவது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமை.

மாவட்ட அதிகாரிகளுக்கு எங்கள் வேண்டுகோள் இது. ராட்டினத்துக்கு அனுமதி தரும்போது மின் இணைப்பையும் தீயணைப்புக் கருவியையும் பார்ப்பதோடு, இருக்கையின் உள் அகலம், பெல்ட்டின் முழு நீளம், பூட்டு விழ வேண்டிய பல், பெட்டிக்கான எடை ஆகியவற்றைத் தமிழிலும் மலையாளத்திலும் கவுண்டரில் எழுதி வைக்க வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். ஆய்வுக்குப் போகிறவர் கையில் ஒரு அளவு நாடா இருந்தால் பலகையில் எழுதியது உண்மையா என்று பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். சென்சாரின் திருகாணிகளில் பெயின்ட் முத்திரை வைத்து, அது உடைந்திருந்தால் காரணம் பதிவேட்டில் எழுதப்படும்வரை வண்டியை ஓட்ட விடாதீர்கள்.

இப்படிக்கு,
ராட்டின இயக்கம், பராமரிப்புத் தொழிலில் உள்ளோர்,
நாகர்கோவில்.