கப்பலில் ஏது விமானி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இருபத்தெட்டு வருஷம் கப்பல் என்ஜின் அறையில் காலம் தள்ளிவிட்டு இப்போது தூத்துக்குடியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவன் நான். போன வாரம் உங்கள் நாளிதழில் "கப்பலின் விமானி எச்சரித்தார்" என்று படித்ததும் டீ புரையேறிவிட்டது. பைலட் என்று வந்தால் உடனே விமானியா? துறைமுகத்துக்கும் பைலட் உண்டு சார். அந்த ஊர்க் கால்வாயின் ஆழம், மணல்திட்டு, நீரோட்டம் எல்லாம் அத்துப்படியானவர், சின்னப் படகில் வந்து, பக்கவாட்டில் தொங்கும் கயிற்று ஏணியில் தொற்றி ஏறி, துறைமுகத்தில் கப்பல் அணையும் மேடையில் அதைக் கட்டும்வரை கேப்டனுக்கு வழி சொல்வார். அப்போதும் கப்பலுக்குப் பொறுப்பு கேப்டன்தான்.

அதே செய்தியில் பங்கர் என்பது "பதுங்கு குழி" ஆகியிருந்தது. பங்கர் என்றால் கப்பல் தான் எரிப்பதற்கு வைத்திருக்கும் எண்ணெய். கரி எரித்த காலத்தில் கரி கொட்டிவைத்த அறைக்கு அந்தப் பெயர், கரி போன பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எல்சா 3 மூழ்கியபோது, "அது கன்டெய்னர் கப்பல்தானே மாமா, எண்ணெய் எங்கிருந்து வந்தது?" என்று பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான். நியாயமான கேள்வி. எந்தக் கப்பலானாலும் பங்கர் இருக்கும். அதிலும் பல கப்பல்கள் எரிக்கிற கனரக எண்ணெய் தார் மாதிரி, நூறு டிகிரிக்கு மேல் சூடாக்கினால்தான் என்ஜினுக்குள் பீய்ச்ச முடியும். 2017 ஜனவரியில் எண்ணூரில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது ஆட்கள் வாளியால் அள்ளியது ஞாபகம் இருக்கும், அப்படி ஒரு கெட்டி.

சரி, டன் விஷயத்துக்கு வருகிறேன், எல்லோரும் வழுக்கி விழுகிற இடம் இதுதான். கிராஸ் டன்னேஜ் என்பது எடையே இல்லை, உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதன் அளவு. ஒரு காலத்தில் எத்தனை ஒயின் பீப்பாய் ஏற்றலாம் என்று எண்ணி வரி போட்டார்கள், அந்தப் பீப்பாயின் பெயர்தான் டன். அப்புறம் 100 கன அடிக்கு ஒரு டன் என்று வந்தது, இப்போது 1969 உடன்படிக்கையின் சூத்திரப்படி வருகிற வெறும் எண். வீட்டுக்குச் சதுர அடி சொல்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். டெட்வெயிட் என்பதுதான் ஏற்றுகிற பாரம்: சரக்கு, பங்கர், குடிதண்ணீர், அரிசி பருப்பு, எங்களையும் சேர்த்து. போர்க்கப்பலுக்கு இது இரண்டும் இல்லாமல், இரும்போடு சேர்ந்த மொத்த எடையைச் சொல்வார்கள். நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் சுமார் 45 ஆயிரம் டன் என்றால் அந்தக் கணக்கு. 45 ஆயிரம் டன் டெட்வெயிட் சரக்குக் கப்பலை அதன் பக்கத்தில் வைத்து "இரண்டும் ஒரே எடை" என்று எழுதினால் என்ன செய்வது?

"மணிக்கு 15 நாட்" என்பதும் வேண்டாம். நாட் என்றாலே மணிக்கு ஒரு கடல் மைல், 1.852 கிலோமீட்டர்.

பேலஸ்ட் தொட்டியை ஒருமுறை "சரளைக்கல் தொட்டி" ஆக்கியிருந்தீர்கள், தண்டவாளத்துக்கு அடியில் கொட்டும் ஜல்லியை பேலஸ்ட் என்கிற ரயில்வே அகராதி போல. பழைய காலத்தில் கல்லும் மணலும்தான் போட்டார்கள் என்பதால் பாதி மன்னிப்பு. இப்போது காலிக் கப்பல் ஆடாமல் நிற்க அடித்தொட்டிகளில் கடல் தண்ணீரை ஏற்றி, சரக்கு ஏற்றும் ஊரில் வெளியேற்றுகிறார்கள். ஒரு கடலின் உயிர் இன்னொரு கடலில் இறங்குவது இப்படித்தான். எண்ணூர், பழவேற்காடு மீனவர்கள் காக்கா ஆழி என்று திட்டுகிற தென் அமெரிக்கச் சிப்பியும் இந்த வழியாக வந்ததாகத்தான் சந்தேகம். ஆற்றின் அடியில் பாய் விரித்த மாதிரி படர்ந்து இறால் மண்ணுக்குள் புதைய இடம் இல்லாமல் செய்துவிட்டது. அவர்கள் படிக்கிற பேப்பரில் சரளைக்கல் என்று போட்டால் என்ன புரியும்?

கடைசியாக பிளாக்அவுட். "மின்தடை" என்று போடுகிறீர்கள், வீட்டில் ஃபேன் நிற்பது போல. என்ஜின் அறையில் ஜெனரேட்டர் டிரிப் ஆனால் முதலில் உறைப்பது இருட்டு இல்லை, சத்தம் போவது. மாதக்கணக்கில் காதில் இருந்த இரைச்சல் சட்டென்று அறுந்து, காற்றாடி சுற்றி ஓயும் முனகல் மட்டும் கேட்கும், வயிறு கலங்கிவிடும். என்ஜினுக்கு மசகு எண்ணெய் தரும் லூப் ஆயில் பம்பு நின்றதால் மெயின் என்ஜினும் நின்றுவிடும், சுக்கானைத் திருப்பும் பம்பும் நிற்கும். எமர்ஜென்சி ஜெனரேட்டர் 45 வினாடிக்குள் வந்து சுக்கானுக்குக் கை கொடுக்கும், மெயின் என்ஜினை ஓட்டித் தராது. கப்பலுக்கு பிரேக் கிடையாது. 2024 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் பால்டிமோரில் டாலி என்ற கன்டெய்னர் கப்பல் பாலத்தில் மோதியது இப்படித்தான். பாலத்தில் வண்டி விடாமல் போலீஸ் நிறுத்த முடிந்தது கப்பலில் இருந்த பைலட்டுகள் கொடுத்த ஆபத்துக் குரலால்.

நான் தமிழ் வேண்டாம் என்பவன் இல்லை. சுக்கான், நங்கூரம், அணியம் எல்லாம் இங்கே இன்றும் புழங்குகிற சொற்கள், நீங்கள்தான் அணியத்தை "கப்பலின் மூக்கு" என்கிறீர்கள். அடுத்த முறை சந்தேகம் வந்தால் எங்கள் பழைய துறைமுகத்தில் தோணியை ஓட்டும் தலைவரான தண்டல் யாரையாவது பிடித்துக் கேட்கச் சொல்லுங்கள், பத்து நிமிஷ வேலை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கப்பல் பொறியாளர்,
தூத்துக்குடி