இரண்டு புள்ளிக்குத் துணிந்தது தவறா?

ஆசிரியருக்கு,

2023 டிசம்பரில் வர்ஜீனியாவின் சேலத்தில் நடந்த மூன்றாம் பிரிவுக் கல்லூரி அமெரிக்கக் கால்பந்து இறுதியாட்டத்தில், கோர்ட்லாண்ட் 38-37 என நார்த் சென்ட்ரலை வென்றது. கடைசியில் சமன் செய்யும் ஒரு புள்ளி உதையை விட்டு, இரண்டு புள்ளி முயற்சிக்குத் துணிந்து தோற்ற அணியின் பயிற்சியாளரைக் குறைசொல்வோர் ஆட்டக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

கடைசி நேரத்தில் நார்த் சென்ட்ரல் டச்டவுன் (எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் பந்தைக் கொண்டுசென்று எடுக்கும் ஆறு புள்ளி) அடித்ததும் ஒரு புள்ளிதான் பின்தங்கல். உதைத்து ஒரு புள்ளி எடுத்தால் சமன். பிறகு கூடுதல் நேரம். அதில் இரு அணிக்கும் எதிரணியின் 25 யார்டு கோட்டிலிருந்து ஆளுக்கொரு வாய்ப்பு. அன்று கோர்ட்லாண்ட் தாக்குதல் இருந்த வேகத்துக்கு அது பாதுகாப்பான வழியே அல்ல. மாறாக, இரண்டு புள்ளி முயற்சியில் பந்தோடு மூன்றே யார்டு கடந்தால் பட்டம் கிட்டத்தட்ட கையில். ஆனால் அந்த மூன்று யார்டில்தான் சிக்கல்: எண்ட் சோன் எனும் அந்த எல்லைப் பகுதியின் 10 யார்டையும் சேர்த்து மொத்தம் 13 யார்டு ஆழம்தான். பந்து பிடிப்பவர் நீளமாக ஓட முடியாது. பின்வரிசைத் தடுப்பாளர்கள் துணிந்து முன்னேறி நெருக்குவார்கள். அதற்கென்றே ஒத்திகை பார்த்த ஆட்ட உத்தி கையில் இல்லாவிட்டால் கதை முடிந்தது.

விளையாட்டு உதவித்தொகையே இல்லாத பிரிவு இது. அந்த ஆண்டு 32 அணிகள், ஐந்து நாக்-அவுட் சுற்றுகள். 15 ஆட்டங்களில் 14 வென்ற கோர்ட்லாண்டுக்கு இதுவே முதல் கால்பந்துப் பட்டம். நம் விளையாட்டுப் பக்கங்களில் இதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்கலாம்.

– ஒரு வாசகர்