கண்ணில் விரல் பட்டால் முதல் தடவையே புள்ளி போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 அக்டோபர் 25 அன்று அபுதாபியில் நடந்த எம்எம்ஏ (கலப்புத் தற்காப்புக் கலை) அமைப்பான யுஎஃப்சியின் 321ஆம் நிகழ்வின் ஹெவிவெயிட் பட்டப் போட்டி ‘சமனில் முடிந்தது’ என்று தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்திருந்தது. சாம்பியன் டாம் ஆஸ்பினாலும் சிரில் கானும் மோதிய அந்தப் போட்டி சமன் ஆகவில்லை. ‘நோ கான்டெஸ்ட்’ என்று அறிவிக்கப்பட்டது. சமன் என்றால் இருவர் கணக்கிலும் டிரா என்று ஏறும். நோ கான்டெஸ்ட் வெற்றி, தோல்வி, டிரா எதிலும் சேராது. இரண்டிலுமே பட்டம் சாம்பியனிடம் இருந்துவிடுவதால் இந்தக் குழப்பம் வருகிறது.

அந்தப் போட்டி நின்ற விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் ரவுண்டில் 4 நிமிடம் 35 விநாடி ஆகியிருந்தது. ரவுண்டு முடிய 25 விநாடிதான் பாக்கி. அதுவரை கானின் ஜாப் (முன்னால் இருக்கும் கையால் விடும் நேர்க்குத்து) நன்றாக விழுந்துகொண்டிருந்தது. ஆஸ்பினாலின் மூக்கில் ரத்தம். அப்போது நீண்டு வந்த கானின் கைவிரல்கள் ஆஸ்பினாலின் இரண்டு கண்களிலும் இறங்கின. மருத்துவர் கூண்டுக்குள் வந்து பார்த்தார். பார்வை தெளியவில்லை, ஆட்டம் நின்றது. அரங்கத்தில் இருந்தவர்கள் கண்ணில் அடி வாங்கியவரைப் பார்த்தே கூச்சலிட்டார்கள். அதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

இதை வெறும் விபத்து என்று தள்ளிவிட முடியாது. ஏன் நடக்கிறது என்பது கையுறையைப் பார்த்தாலே புரியும். குத்துச்சண்டைக் கையுறை 8 அல்லது 10 அவுன்ஸ். விரல்கள் முழுக்க உள்ளே மூடியிருக்கும். எம்எம்ஏ கையுறை வெறும் 4 அவுன்ஸ். எதிராளியைப் பிடிக்க வேண்டும், கழுத்தை நெரிக்க வேண்டும், வரும் உதையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பதால் விரல்கள் வெளியே நிற்கும். விரல் முட்டிகளுக்கு மேல் இருக்கும் பஞ்சு தட்டையாக இருந்தால் கையைத் தளர்த்திய உடனே விரல்கள் நிமிர்ந்துவிடும். மூடியே வைத்திருக்க வேண்டுமானால் முன்கைத் தசை விடாமல் இறுகியிருக்க வேண்டும். பத்து நிமிடம் மல்லுக்கட்டிய முன்கைக்கு அந்தத் தெம்பு இருக்காது.

இதோடு தூரம் அளக்கும் பழக்கமும் சேர்கிறது. உயரமானவர் முன்னால் இருக்கும் கையை நீட்டி, உள்ளங்கையைத் திறந்து, எதிராளி உள்ளே வராமல் தடுத்துக்கொண்டே இருப்பார். எதிராளி தலையைத் தாழ்த்தி உள்ளே பாய்வார். பல தடவை விரல் கண்ணைத் தேடிப் போவதே இல்லை. கண்தான் விரலில் வந்து மோதுகிறது. ஜாப் போட்டுவிட்டுக் கையைப் பின்னால் இழுக்கும்போது முஷ்டி அவிழ்வது இன்னொரு ஆபத்தான தருணம்.

பயிற்சியில் இதைத் திருத்த முடியும். நீட்டும் கை மூடியிருக்க வேண்டும், அல்லது விரல் நுனிகள் கூரையைப் பார்க்க வேண்டும். கையை ஊன்றித்தான் ஆக வேண்டும் என்றால் தோள்பட்டையிலோ காறை எலும்பிலோ ஊன்றட்டும், தாடைக்கு மேலே வேண்டாம். நெருக்கிப் பிடித்திருக்கும்போது முகத்தை உள்ளங்கையால் தள்ளாமல் முன்கையால் தள்ளலாம். ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) விரல் முகத்தை நோக்கி விரிந்தால், படவே இல்லை என்றாலும் பயிற்சியாளர் அங்கேயே நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் கூண்டிலும் கை அதே பழக்கத்தில்தான் போகும்.

கையுறையை மாற்றியும் பார்த்தார்கள். ஜப்பானின் பிரைட் என்ற எம்எம்ஏ அமைப்பில் இருந்த கையுறை, பாதி மூடிய முஷ்டியின் வடிவத்திலேயே வளைந்திருக்கும். யுஎஃப்சியும் 2024 ஜூனில் 302ஆம் நிகழ்வில் வளைவு கொண்ட புதிய கையுறையைக் கொண்டுவந்தது. பிடிக்கவில்லை என்று சில வீரர்கள் சொன்னார்கள், நாக் அவுட் குறைந்துவிட்டது என்ற பேச்சும் கிளம்பியது. நவம்பரில் 309ஆம் நிகழ்விலேயே பழைய கையுறை திரும்பிவிட்டது. ஐந்தே மாதம். குறைகளைச் சரிசெய்து தொடர்ந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

விதி இல்லாமல் இல்லை. விரலை எதிராளியின் முகத்தை நோக்கி நீட்டுவதே தவறு என்று பொது விதிமுறை சொல்கிறது; பட வேண்டும் என்றுகூட இல்லை. நடைமுறையில் நடுவர் ‘விரலை மடக்கு’ என்று இரண்டு மூன்று தடவை சொல்வதோடு விட்டுவிடுகிறார். அவர் தயங்குவதற்குக் காரணம் உண்டு. மூன்று ரவுண்டு போட்டியில் ஜட்ஜுகளின் மதிப்பெண்ணில் 29-28 என்று ஜெயிக்க வேண்டியவருக்கு ஒரு புள்ளி போனால் 28-28, டிரா. ஒருவருடைய வெற்றியையே பறிப்பதுபோல அவருக்குத் தோன்றுகிறது. ஆனால் கண்ணில் விரல் வாங்கியவர் இழப்பதை யார் கணக்கில் எடுக்கிறார்கள்? மீண்டு வர ஐந்து நிமிடம் தருகிறார்கள். ‘தெரியவில்லை’ என்று உண்மையைச் சொன்னால் ஆட்டமே முடிந்து கோழை என்ற பட்டம் வரும். ‘தெரிகிறது’ என்றால் ஒற்றைக் கண்ணோடு சண்டை போட வேண்டும். 2020 ஆகஸ்டில் ஸ்டைப் மியோசிச்சுடன் மோதிய டேனியல் கார்மியருக்கு மூன்றாவது ரவுண்டில் கருவிழிப் படலமே கிழிந்தது. நடுவர் அதைக் கவனிக்காததால் மிச்ச ரவுண்டுகளையும் அந்தக் கண்ணோடுதான் ஆடித் தோற்றார்.

2021 மார்ச் 6 அன்று, தரையில் இருந்த அல்ஜமைன் ஸ்டெர்லிங்கை முழங்காலால் இடித்ததற்காக பியோத்தர் யான் தகுதிநீக்கம் ஆனார், பட்டமே கைமாறியது. ஒரே வாரம் கழித்து லியோன் எட்வர்ட்ஸின் விரல் பெலால் முகமதுவின் கண்ணில் பட்டு, இரண்டாவது ரவுண்டின் 18ஆவது விநாடியில் ஆட்டம் நின்றது. முடிவு நோ கான்டெஸ்ட். முன்னது வேண்டுமென்றே செய்தது, பின்னது தெரியாமல் பட்டது என்று விதி பிரிக்கிறது. அந்தப் பிரிவு நியாயம்தான். ஐந்து ரவுண்டு போட்டியில் மூன்று ரவுண்டு முடிவதற்குள் தெரியாமல் நேர்ந்த தவறால் ஆட்டம் நின்றால் ஜட்ஜுகளின் மதிப்பெண் எடுபடாது என்பதும் விதி. அதனால் திரும்பத் திரும்ப விரலை நீட்டியவர்கூட ஒன்றும் இழக்காமல் வீடு திரும்ப முடிகிறது.

ஆகவே, விரல் நீண்டால் எச்சரிக்கை ஒரே தடவை. விரல் கண்ணில் பட்டு ஆட்டம் இடையில் நின்றாலே, நோக்கம் என்ன என்று கேட்காமல் ஒரு புள்ளி குறைக்க வேண்டும். எச்சரித்த பிறகும் பட்டு, எதிராளியால் தொடர முடியவில்லை என்றால் நோ கான்டெஸ்ட் வேண்டாம், தகுதிநீக்கம். அடி வாங்கியதாக நடிப்பார்களே என்று கேட்பவர்களுக்கு, மெதுவாக ஓட்டிப் பார்க்கும் ரீப்ளே இருக்கிறது, மருத்துவரும் பக்கத்திலேயே இருக்கிறார். ஆரம்பத்தில் கொஞ்ச நாள் டிராக்கள் கூடும். கூடட்டும்.

இனி இத்தகைய போட்டிகளின் செய்தியில், நடுவர் எந்த ரவுண்டில் எத்தனை தடவை எச்சரித்தார் என்பதையும் ஒரு வரி சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்