நிறுத்திய பாகங்களின் வரைபடங்களையாவது வெளியிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிதாகச் சந்தைக்கு வரும் கார்களைப் பற்றி நாளிதழ்களில் நிறையவே படிக்கிறோம். சந்தையை விட்டுப் போன கார்களை இன்னும் விருப்பத்தோடு ஓட்டிவருபவர்களின் சிக்கல் ஒன்றை இக்கடிதத்தின் வாயிலாக வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். அக்கார்களின் செயல்திறனைக் கூட்டுவதற்கென்றே ஒரு காலத்தில் விற்கப்பட்ட குட்டைக் கியர் லீவர், சஸ்பென்ஷனைக் காரின் உடலோடு இணைக்கும் மேல் மவுண்ட், எஞ்சின் வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றியமைக்கக்கூடிய கேம் புல்லி போன்ற பாகங்களின் தயாரிப்பு, கார்களின் ஆயுள் முடிவதற்கு வெகு காலம் முன்பே நிறுத்தப்பட்டுவிடுகிறது. கடைகளில் எஞ்சியிருந்த சரக்கும் தீர்ந்த பிறகு, ஆர்வலர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து, யாரோ ஒருவரிடம் இருக்கும் பழைய பாகத்தையே மாதிரியாகக் கொடுத்து, கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் சிஎன்சி மெஷின் உள்ள பட்டறையில் புதிதாகக் கடைந்து வாங்கிக்கொள்கிறார்கள். சக ஆர்வலர்களுக்காக அப்படிச் செய்வித்துக் கொடுப்பவர்களில் நானும் ஒருவன்.

ஒன்று வேண்டும் என்றாலும் இருபது வேண்டும் என்றாலும் புரோகிராம் எழுதுவதற்கும், பாகத்தை மெஷினில் அசையாமல் பிடிக்கும் ஃபிக்ஸ்சர் செய்வதற்கும், மெஷினைச் செட்டிங் செய்வதற்கும் ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றே என்பதால், ஆள் சேரச் சேரத் தலைக்கு விழும் தொகை குறையும். ஆகவே பணம் இங்கே பெரிய தடை இல்லை. வரைபடம் இல்லாததுதான் தடை.

மாதிரியை அளந்தால் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். தேய்ந்த பாகத்தை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் அதன் தேய்மானத்தையும் சேர்த்தே அளக்கிறோம். முப்பரிமாண ஸ்கேனர் தருவதும் இப்போதைய வடிவத்தைத்தான். எந்த அளவில் எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை விலகலாம் என்று வடிவமைத்தவர் அனுமதித்தார் என்பதை அது சொல்லாது.

எடுத்துக்காட்டாக, உருண்டைப் பேரிங் உட்காரும் அலுமினிய மேல் மவுண்டை எடுத்துக்கொள்வோம். 25 மி.மீ. துளையை எச்7 என்ற துல்லியத் தரத்துக்குக் கடைய வேண்டுமானால், அளவு 25.000 முதல் 25.021 மி.மீ. வரை இருக்கலாம், மொத்தமே 21 மைக்ரான்தான் இடம். கடைந்த பிறகு ஹார்டு அனோடைசிங் (அலுமினியத்தின் மேல் கடினமான ஆக்சைடு பூச்சை வளர்க்கும் முறை) செய்தால், பூச்சின் தடிமன் 50 மைக்ரான் என்று வைத்துக்கொண்டாலும், அதில் சுமார் பாதி உலோகத்துக்குள் இறங்க, மறுபாதி வெளியே வளரும். எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டிலும் வளர்வதால் துளையின் விட்டம் ஏறத்தாழ 50 மைக்ரான் சுருங்கிவிடுகிறது. மாதிரியில் அளந்த அளவுக்கே கடைந்து பூச்சுக்கு அனுப்பினால், அழுத்தி ஏற்றிய பேரிங் திருகவே முடியாதபடி இறுகிப்போகும். அதைத் தவிர்க்கத் துளையை மறைத்துப் பூச வேண்டுமா, முன்கூட்டியே சற்றுப் பெரிதாகக் கடைய வேண்டுமா என்பதெல்லாம் வரைபடத்தின் ஓரத்தில் ஒரு வரியாக எழுதப்பட்டிருக்கும். அந்த ஒரு வரிக்காகத்தான் நாங்கள் ஒரு முழு உருப்படியை வீணாக்கிச் சோதித்துப் பார்க்கிறோம்.

உலோகத்தின் கதை இதைவிடச் சிக்கலானது. 6061-டி6, 7075-டி6 ஆகிய இரு அலுமினியக் கலவைகளையும் கையில் வைத்துப் பார்த்து வேறுபடுத்திவிட முடியாது. ஆனால் நிரந்தரமாக வளையத் தொடங்கும் வரை முன்னது தாங்குவது சுமார் 275 மெகாபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) என்றால், பின்னது 500 வரை தாங்கும். ஸ்பெக்ட்ரோமீட்டர் சோதனை கலவையைக் காட்டிக்கொடுக்கும். வலுவேற்ற அதற்கு எந்த வெப்பப் பதம் (டி6 போன்றது) கொடுக்கப்பட்டது என்பதையோ கடினத்தன்மையை அளந்து ஊகிக்கத்தான் முடியும். போதாக்குறைக்கு, எஃகுக்கு உள்ளதைப் போன்ற தெளிவான களைப்பு வரம்பு, அதாவது எத்தனை முறை ஏறினாலும் விரிசல் விடாத சுமையின் எல்லை, அலுமினியத்துக்குக் கிடையாது. சிறு சுமையானாலும் திரும்பத் திரும்ப ஏறினால் ஒரு நாள் விரிசல் விடும், அதுவும் உள்மூலையின் வளைவைச் சற்றுக் கூர்மையாக விட்டுவிட்டால் விரைவிலேயே விடும். இதனால்தான் பிரேக், ஸ்டியரிங், சக்கர ஹப் ஆகியவற்றின் பாகங்களை யார் கேட்டாலும், எவ்வளவு நெருங்கியவர் கேட்டாலும், செய்வித்துத் தர மறுத்துவிடுகிறேன். இவ்விஷயத்தில் தாராளமாக நடந்துகொள்ளும் சிலரின் துணிச்சலை என்னால் பாராட்ட முடியவில்லை.

நிறுவனங்கள் நினைத்தால் வழி உண்டு. நிஸ்ஸானின் நிஸ்மோ பிரிவு 2017-இல் ஆர்32 ஸ்கைலைன் ஜிடி-ஆர் காருக்கான பாகங்களை மீண்டும் விற்கத் தொடங்கியது. போர்ஷே, மிகக் குறைவாகவே தயாரித்த 959 காரின் கிளட்ச் விடுவிப்பு லீவரை உலோகத் தூளிலிருந்து முப்பரிமாண அச்சு முறையில் செய்யலாம் என்று 2018-இல் காட்டியது. டொயோட்டா 2020-இல் பழைய சுப்ரா கார்களின் பாகங்களை மீண்டும் தயாரிக்கும் திட்டத்தை அறிவித்தது. இவை யாவும் புகழ்பெற்ற கார்கள். சாதாரணக் கார்களுக்குத் திறன் பாகங்கள் செய்து விற்ற சிறு நிறுவனங்களிடம் மறு தயாரிப்பை எதிர்பார்ப்பது நியாயமாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இனி விற்கப்போவதில்லை என்று முடிவு செய்த பாகத்தின் வரைபடத்தைப் பூட்டி வைப்பதால் அவர்களுக்கு என்ன ஆதாயம்? காப்புரிமை பொதுவாக விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளில் காலாவதியாகிவிடும். வணிகச் சின்னம் அப்படியல்ல, புதுப்பிக்கப் புதுப்பிக்க நீடிக்கும். அதைப் பாகத்தில் பொறிக்காமல் விடுவது எங்கள் கடமை, விட்டும் விடுகிறோம். பிறர் தவறாகச் செய்த பாகத்துக்குத் தங்கள் தலையில் பழி விழும் என்ற அச்சத்தில் நியாயம் இருக்கிறது. எனினும் வரைபடம் இல்லாவிட்டாலும் அந்தப் பாகம் எங்கோ ஒரு பட்டறையில் ஊகத்தின் பேரில் கடையப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

எங்கள் தரப்பிலும் குறை இல்லாமல் இல்லை. பலர் பணம் போட்டு அளந்து தயாரித்த கோப்பைத் தன் சொத்தாகப் பதுக்கிக்கொண்டு, அடுத்தடுத்த ஆர்டர்களில் லாபம் பார்ப்பவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். ஒரு பாகத்துக்குக் காசு கொடுத்தவருக்கு அது எந்த உலோகம், எந்தப் பதம், என்ன பூச்சு என்பதை எழுத்தில் தருவதும், ஒவ்வொரு தொகுதிக்கும் அடையாள எண் பொறிப்பதும் செய்பவரின் குறைந்தபட்சப் பொறுப்பு.

நிறுவனங்களிடம் நாங்கள் கேட்பது கார் முழுவதற்குமான கோப்புகளை அல்ல. நிறுத்தப்பட்ட பாகம் ஒன்றுக்கு ஒரு தாள் போதும்: அளவுகள், அனுமதிக்கப்படும் விலகல், உலோகத்தின் தரம், வெப்பப் பதம், மேற்பூச்சு. உரிமையாளர்களின் பாதுகாப்பைக் கருதியேனும் இதைப் பரிசீலிக்குமாறு தங்கள் நாளிதழ் வழியாக அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய கார் ஆர்வலர் ஒருவர்