பணம் வருமுன் விதி வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிகள் தங்கள் விளையாட்டு மாணவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கத் தொடங்கியிருப்பதை, நமக்குச் சம்பந்தமில்லாத செய்தி என்று பலர் கடந்துபோயிருக்கலாம். கல்லூரி ஒன்றில் நெடுங்காலம் உடற்கல்வி இயக்குநராக இருந்த என்னால் அப்படிக் கடந்துபோக முடியவில்லை.

அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்கள் பாலினப் பாகுபாடு காட்டக் கூடாது என்று அந்நாட்டில் 1972-இல் ‘டைட்டில் நைன்’ சட்டம் வந்தது. அதற்கு முன் கல்லூரி அணிகளில் ஆடிய பெண்கள் சுமார் 30,000 பேர். இன்று 2 லட்சத்துக்கும் மேல். விளையாட்டு உதவித்தொகையை, ஆடும் ஆண், பெண்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற விகிதத்தில் பங்கிட வேண்டும் என்றும் அதன் விதிமுறை சொல்கிறது. ஆனால் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, அதில் சேரும் ஒவ்வொரு கல்லூரியும் முதல் ஆண்டில் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை கொடுக்கலாம் என்று ஆனபோது, அந்தப் பணத்துக்கு இச்சட்டம் பொருந்துமா என்பது முடிவாகவில்லை. பொருந்தும் என்று அதே ஆண்டு ஜனவரியில் அந்நாட்டுக் கல்வித்துறை வெளியிட்ட வழிகாட்டுதலை, ஆட்சி மாறியபின் பிப்ரவரியில் அதே துறை திரும்பப் பெற்றிருந்தது. அதே உடன்பாட்டில் முன்னாள் வீரர்களுக்கான நிலுவையாக ஒதுக்கப்பட்ட 280 கோடி டாலரில் பெரும்பகுதி ஆடவர் ஆட்டங்களுக்கே போவதை எதிர்த்து, எட்டு வீராங்கனைகள் மேல்முறையீடு செய்தார்கள்.

வருமானம் தரும் ஆட்டத்துக்குத்தானே பணம் போக வேண்டும் என்பவர்கள் உண்டு. அந்த வருமானம் தானாக வந்துவிடவில்லை. மைதானம், பயிற்சியாளர், தொலைக்காட்சி நேரம் என்று பல பத்தாண்டுகள் ஆடவர் ஆட்டத்தில் கொட்டிய முதலீட்டின் பலன் அது. நம் கிரிக்கெட் வாரியம் 2022 அக்டோபரில் இரு பாலருக்கும் ஒரே ஆட்ட ஊதியம் அறிவித்தது. மகளிர் அணி 2025-இல் உலகக் கோப்பையை வென்றது. எனினும் 2024-25 ஆண்டு ஒப்பந்தத்தில் ஆடவரின் உயர் பிரிவுக்கு 7 கோடி ரூபாய், மகளிரின் உயர் பிரிவுக்கு 50 லட்சம் ரூபாய் என்பதே நிலையாக இருந்தது. ஒரு கணக்கில் வந்த சமத்துவம் அடுத்த கணக்குக்குத் தானாகப் பரவுவதில்லை.

நான் பணியாற்றிய கல்லூரியில் பல்கலைக்கழகப் போட்டிக்கு ஆடவர் அணி வேனில் போகும். மகளிர் அணி கிட் பைகளைச் சுமந்துகொண்டு அரசுப் பேருந்தில் போகும். முந்தைய ஆண்டு ஆண்கள் போட்ட ஜெர்சியின் தோள்பட்டையை உள்ளே மடித்துத் தைத்துக்கொண்டு, அளவு பெரிதான ஷூவின் முனையில் பஞ்சு அடைத்து ஆடிய பிள்ளைகளை நான் அறிவேன். அவர்கள் கோப்பையோடுதான் திரும்பினார்கள். மறு ஆண்டும் வேன் வரவில்லை, ஏனெனில் அவர்களுக்கு வேன் தர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இந்திய மகளிர் கால்பந்து அணியில் ஆடிய இந்துமதி கதிரேசனைத் தந்த கடலூரில் பெண்களுக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

மத்திய அரசின் ‘கேலோ இந்தியா’ விளையாட்டுத் திட்டத்தில் தேர்வாகும் மாணவருக்கும் மாணவிக்கும் மாதம் 10,000 ரூபாய் என்ற ஒரே கைச்செலவுத் தொகை கிடைக்கிறது. அதில் இடம் கிடைக்காத பெரும்பாலான கல்லூரிப் பெண்களின் பயணப்படியும் தினப்படியும் அந்தந்த நிர்வாகத்தின் மனத்தைப் பொறுத்தவை. பெண்களுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசியலமைப்பின் 15(3) பிரிவு இடம் தருகிறது. நாளை தனியார் விளம்பரதாரர்களும் லீக் ஆட்டங்களும் நம் கல்லூரிகளுக்குள் வரும்போது, பங்கீடு பழைய வழக்கப்படியே நடந்துவிடும் என்பதே என் அச்சம்.

ஆகவே தமிழக, புதுச்சேரி அரசுகளின் உயர்கல்வித் துறைகள், ஒவ்வொரு கல்லூரியும் விளையாட்டுக்குச் செலவிடும் தொகையை ஆடவர், மகளிர் எனப் பிரித்து ஆண்டுதோறும் வெளியிடவும், விளம்பரதாரர் பணம் உட்பட வீரர்களுக்குத் தரும் எல்லாத் தொகையையும் விகிதப்படி பங்கிடவும் வரும் கல்வியாண்டுக்குள் ஆணையிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி இயக்குநர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.