பக்கத்து மேசைக்காரருக்கு ஒரு நன்றி

உங்கள் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். கழுத்தில் தொங்கிய அட்டையும் கடைசிவரை திரும்பியே கிடந்தது.

மாநாட்டில் எங்கள் ரோபோ கையை இயக்கிக் காட்ட வேண்டிய நேரம். ஆய்வகத்தில் அலுக்காமல் கோப்பையை எடுத்துக் கொடுத்தது, கூட்டத்தைக் கண்டதும் பாதி வழியில் சிலையாக நின்றுவிட்டது. நிரலில்தான் பிழை என்று நான் லேப்டாப்பில் தலையைப் புதைத்துக்கொண்டேன்.

நீங்கள் வந்து ஒரே கேள்விதான் கேட்டீர்கள்: "வைஃபையா, கேபிளா?"

வைஃபை, அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று கேபிளைக் கழற்றியது என் மேதாவித்தனம். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாமல் பயன்படுத்த 1, 6, 11 என மூன்று சேனல்கள்தான். அரங்கிலிருந்த அத்தனை போன்களும், போதாததற்கு ப்ளூடூத்தும் அங்கேயேதான் முட்டிக்கொண்டிருந்தன. கட்டளை தாமதமானதும் ரோபோ பாதுகாப்புக்காகத் தானே நின்றிருக்கிறது. பாவம், அதை நான்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

உங்கள் பையிலிருந்து கேபிளை எடுத்து மாட்டினீர்கள். கண்ணாடிச் சுவர் வழியே வந்த வெயிலில் தூரத்தை அளக்க எங்கள் ரோபோவின் கேமரா வீசும் அகச்சிவப்பு ஒளிப்புள்ளிகள் மங்கி, கோப்பையின் தூரம் தப்பாகத் தெரிகிறது என்று சொல்லி மேசையையும் நகர்த்த வைத்தீர்கள். பிறகு, யாரும் கேட்காமலேயே, அவசர நிறுத்தப் பொத்தானில் விரல் வைத்தபடி கடைசிவரை நின்றீர்கள். உங்கள் மேசைக்கு வந்தவர்கள் காத்திருந்தார்கள் என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

மிக்க நன்றி. உங்கள் கேபிள் என்னிடமே தங்கிவிட்டது. சிக்கில்லாமல் சுற்றி வைத்திருக்கிறேன்.