ஆள் போகுமுன் மனசு போய்விடுகிறது

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீயும் அம்மா அப்பாவும் நலம்தானே? உனக்கு டியூட்டி மேனேஜர் பொறுப்பு கிடைத்ததை அம்மா போனில் சொன்னார்கள். ரொம்ப சந்தோஷம். இங்கே வேலை எப்படி என்று கேட்டிருந்தாய். இனி உனக்குக் கீழேயும் ஆட்கள் இருப்பார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் ஹோட்டலின் ஹவுஸ்கீப்பிங்கில் பல நாட்டுக்காரர்கள். அதில் ஒரு அக்கா, சொந்த நாட்டில் நர்ஸாக இருந்தவர். அந்தப் படிப்பு இங்கே செல்லாது என்பதால் அறை சுத்தம் செய்ய வந்தார். எனக்கு வேலை பழக்கியதே அவர்தான். விருந்தினர் மூக்குக்கண்ணாடியை எங்காவது போட்டிருந்தால், துடைத்து, மடித்த துணிமேல் வைத்துவிட்டு வருவார். குழாய் சொட்டினால் அந்த நிமிஷமே மெயின்டனன்ஸுக்குச் சொல்லிவிடுவார். இப்போது குழாய் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே கதவைச் சாத்திவிட்டு வருகிறார். விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது, செக்லிஸ்டில் எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்திருக்கும். யாரும் குறை சொல்ல முடியாது.

நடந்தது இதுதான். சூப்பர்வைசர் இடம் காலியானபோது, அந்த அக்காவிடமே வேலை கற்றுக்கொண்ட ஒருவரை, டிப்ளமா இருக்கிறது, மொழி சரளமாக வருகிறது என்று போட்டுவிட்டார்கள். அதைக்கூட அவர் பொறுத்திருப்பார். கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு வார்த்தை சொல்ல யாருமில்லை, அதில்தான் மனசு விட்டுப்போனது. அதே நிர்வாகம் நல்ல ஆள் கிடைப்பதில்லை என்று ஏஜென்சிக்குப் பணத்தைக் கொட்டுகிறது. பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

வில்லியம் கான் என்ற ஆராய்ச்சியாளர் இதைப் பற்றி 1990-லேயே எழுதியிருக்கிறார். வேலையில் ஒருவர் தன்னை முழுசாகக் கொடுக்க மூன்று வேண்டும் என்கிறார்: செய்வதில் அர்த்தம், மனதில் பட்டதைச் சொன்னால் கெடுதல் வராது என்ற தைரியம், கொடுப்பதற்கு உடம்பிலும் மனதிலும் தெம்பு. நம் தொழில் முதலில் பறிப்பது அந்தத் தெம்பைத்தான். இரவு 11 மணிக்கு பாரை மூடியவரை காலை 6 மணிக்கு பிரேக்ஃபாஸ்ட் ஷிப்டில் போடுவது, யாருக்கு எப்போது வேலை என்ற நாளைய ரோஸ்டரை இன்று சாயங்காலம் ஒட்டுவது, அப்புறம் ஒரே நாள் வேலையை நடுவில் நீண்ட இடைவெளி விட்டு இரண்டாகப் பிரிக்கிற அந்த பிரேக் ஷிப்ட்!

ஹோட்டல், உணவக ஊழியர்களுக்காகவே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1991-ல் 172-வது உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. குடும்பத்தையும் கவனித்துக்கொள்ள வசதியாக, முடிந்தவரை வேலை நேரத்தை முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்கிறது. உனக்கு அந்தச் சட்டமெல்லாம் தேவையில்லை, ரோஸ்டர் உன் கையில் இருக்கிறது. சீக்கிரம் போட்டுவிடு.

இன்னொன்று. ரிட்ஸ் கார்ல்டன் என்ற பெரிய ஹோட்டல் நிறுவனத்தில் விருந்தினரின் குறையைத் தீர்க்க, மேலிடத்தைக் கேட்காமலே 2,000 டாலர் வரை செலவழிக்க ஊழியர்களை விட்டது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அவ்வளவு உன்னால் முடியாது, சரி. ஆனால் ஒரு காபியை இலவசமாகக் கொடுக்கக்கூட ரிசப்ஷனில் நிற்கிறவர் உன்னைத் தேடி ஓடும்படி வைக்காதே.

வேலையை விடுகிறவரிடம் கடைசி நாளில் எக்ஸிட் இன்டர்வியூ நடத்துகிறார்கள். அப்போது கேட்டு என்ன பிரயோஜனம்? இருக்கும்போதே கேள். முடியாததை முடியாது என்று காரணத்தோடு சொல். அடிக்கடி புகார் சொல்கிற ஒருவர் திடீரென்று அமைதியாகிவிட்டால், அன்றைக்கே போய்ப் பேசு.

உன் டீமில் எத்தனை பேர், அதில் பழைய ஆட்கள் யார் யார் என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
அண்ணன்